வெறும் என்டர் தட்டினால் ஆம்

ராயபுரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், எப்போது வெளியே போனது என்பதெல்லாம் கணினியில் தெரிய வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் ஒன்பது பேர். நான் அதில் ஒருத்தி.

ஒன்பது பேரும் ஒரே நிரலில் கை வைப்பதால், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இருப்பதுதான். பொதுவான பிரதி சர்வரில் இருக்கும். அவரவர் கணினியில் அவரவர் பிரதி. அதை அப்படியே கையில் கொடுத்தால் பலருக்குக் குழப்பமாக இருக்கிறது, சுலபமாக ஒன்றைச் செய்து கொடு என்று எங்கள் குழுவை நடத்தும் லீடு என்னிடம் சொன்னார். நான் செய்தேன். அதில் முக்கியமான கட்டளைகள் இரண்டுதான். ‘அனுப்பு’ என்றால் உன் பிரதி சர்வருக்குப் போகும். ‘எடு’ என்றால் சர்வரில் இருப்பது உன் கணினிக்கு வரும்.

அந்த மூல மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நீங்கள் கடைசியாக எடுத்த பிறகு வேறு யாராவது ஏதாவது அனுப்பியிருந்தால், உங்களுடையதை அது வாங்கிக்கொள்ளாது. முதலில் அவருடைய மாற்றங்களை எடுத்து உங்களுடையதோடு சேர்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பிவிடும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்தக் குணம்தான் எங்கள் லீடுக்குப் பிடிக்கவில்லை.

“இந்த ரிஜெக்ட் மெசேஜ் வந்தா எல்லாரும் என் சீட்டுக்குத்தான் வராங்க. எனக்கு இதே வேலையா? அனுப்புன்னா அனுப்பணும். மேல எழுதிடு” என்றார்.

“அடுத்தவங்க அனுப்பினது அழிஞ்சுடுமே சார்.”

“வார்னிங் போடு. கேட்டுட்டு எழுது.”

‘எடு’ கட்டளைக்கும் அதே கதை. இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்க வேண்டாம், கணினியில் இருக்கும் பழைய கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக இறக்கு என்றார். அதற்கும் ஒரு எச்சரிக்கை. அப்புறம், ஆம் என்பதற்கு ஒவ்வொரு தடவையும் ‘ஒய்’ எழுத்தைத் தட்டுவது தொல்லையாக இருக்கிறது, வெறும் என்டர் தட்டினாலே ஆம் என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்று என்றார். நான் இரண்டு முறை மறுத்துப் பேசினேன். மூன்றாவது முறை பேசவில்லை. மாற்றிக் கொடுத்தேன்.

எச்சரிக்கையின் வாசகம் என்னுடையது. ‘இந்தச் செயல் சில மாற்றங்களைப் பாதிக்கலாம். தொடரவா?’ இதை ஆங்கிலத்தில், மஞ்சள் எழுத்தில் எழுதினேன். எந்த மாற்றம், யாருடைய மாற்றம், பாதிக்கலாம் என்றால் என்ன ஆகும், எதுவும் அதில் கிடையாது. எழுதிய வேகத்தில் அதே வாசகத்தை இன்னும் பல இடங்களில் போட்டுவிட்டேன். கோப்புக்குப் பெயர் மாற்றினால் வரும். நிரலில் தனியாக ஒரு புதுக் கிளை தொடங்கினால் வரும். ஒன்றுமே அழியாத இடத்திலும் வரும். ஒரு நாளில் அதை நாற்பது முறை பார்த்த கை, நாற்பத்தோராவது முறை நிற்காது. இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் மட்டும் என்ன, என் கருவியில் நானே அதைப் படிக்காமல்தான் என்டர் தட்டிக்கொண்டிருந்தேன்.

லீடைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்தின் தென்பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவர். எங்கள் பேட்டைகளைப் பற்றியெல்லாம் ஏதோ வெளிநாட்டுக்குப் பணி மாற்றலாகி வந்தவர்போலப் பேசுவார். யார்டிலிருந்து யாராவது போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் பேசுவதை எங்களுக்குக் கேட்கவைத்துச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். கொருக்குப்பேட்டை வீட்டில் நான் பேசுவது அதே பேச்சுதான். ஆபீஸ் படியேறும்போது அதை வாயிலிருந்து துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். இந்தப் பழக்கத்தை யாரும் என்மேல் திணிக்கவில்லை.

துடைக்காமல் உள்ளே வந்தவர் ஒருவர் இருந்தார். காலடிப்பேட்டைக்காரர். நாற்பது வயதுக்கு மேல். பத்து வருஷம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்காக இருந்து, தானே படித்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டு எங்களிடம் சேர்ந்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். எதிரெதிர் மேசை. பெட்டிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எங்களில் யாருக்கும் தெரியாது. லீடு அவரிடம் ஏதாவது கேட்டு, அவர் “கீது சார்” என்றால், லீடும் “கீதா? எங்க கீது?” என்பார். அவர் முகத்தில் எதுவும் காட்டமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

எண்ணூர் யார்டு ஒன்றில் கேட்டில் கேமரா வைத்தார்கள். லாரி உள்ளே வரும்போதே பெட்டியின் எண்ணைக் கேமரா படித்துவிட வேண்டும். ஆனால் கடல் காற்றில் கிடந்த பெட்டிகளில் எண் ஒழுங்காக இருப்பதில்லை. துரு ஏறி எட்டு மூன்றாகத் தெரியும். ஒட்டுப்போட்ட தகரத்தில் பாதி எழுத்து மறைந்திருக்கும். கேமரா கண்டபடி படித்தது. அதைச் சரிசெய்ய அண்ணன் போனார். பதினோரு நாள் அந்தக் கேட்டில், வெயிலில், மடிக்கணினியோடு நின்றார். ஒவ்வொரு லாரியையும் கண்ணால் பார்த்து, கேமரா படித்ததையும் பார்த்து, எந்தத் துரு எந்த எழுத்தை எதுவாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து அத்தனையையும் நிரலில் ஏற்றினார். தினமும் அங்கிருந்தே சர்வருக்கு அனுப்பியும்விட்டார். அவர் செய்ய வேண்டிய எதையும் செய்யாமல் விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை ஆபீஸுக்கு வந்தார். முகமும் கழுத்தும் கருத்திருந்தன. மேசையில் உட்கார்ந்து அதே மடிக்கணினியைத் திறந்ததும் வழக்கம்போல ‘எடு’ என்று அடித்தார். மஞ்சள் எழுத்து வந்திருக்கும். என்டர் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இங்க வா. இன்னா ஆச்சுனு பாரு. கேட்டு ஃபைலு எதுவும் காணல.”

பார்த்தேன். சர்வரில் பதினோரு நாளைக்கு முந்தைய நிரல் இருந்தது. அவருடைய மாற்றங்களில் ஒன்றுகூட இல்லை. சர்வரில் இல்லாததை, ‘எடு’ அவர் கணினியிலும் இல்லாமல் ஆக்கிவிட்டது. பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கும்படி எழுதியது நான்தானே. அந்தக் கோப்புறை இருந்திருந்தால் அதற்குள்ளிருந்தே எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். சர்வரிலும் பழைய நிலைகளைக் குறித்து வைக்கும் வசதி உண்டு. அதை யாராவது இயக்கினால்தான் அது வேலை செய்யும். யாரும் இயக்கியிருக்கவில்லை. அந்த யார்டின் நிரலை அண்ணனையும் லீடையும் தவிர வேறு யாரும் எடுப்பதில்லை என்பதால் மற்றவர்கள் கணினியிலும் பிரதி இல்லை.

சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள், என்ன கட்டளை கொடுத்தார்கள் என்ற பதிவு மட்டும் இருந்தது. அதைத் திறந்தேன். அன்று காலை, அண்ணன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால், லீடு தன் கணினியிலிருந்து ‘அனுப்பு’ கொடுத்திருந்தார். அவரிடம் இருந்தது பதினோரு நாள் பழைய பிரதி. அதில் ஏதோ ஒரு திரையின் நிறத்தை மாற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார். மஞ்சள் எழுத்து அவருக்கும் வந்திருக்கும். அவரும் என்டர் தட்டியிருக்கிறார். அண்ணனின் பதினோரு நாள் அந்த ஒரு தட்டில் போனது.

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுதிப்படுத்த அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மதியம் முதலாளி அறையில் கூட்டம். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற தொழிலில் இருந்தது. மென்பொருள் அவருக்குப் புரியாது. யார்டுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்த தேதி தவறுவது நன்றாகப் புரியும். லீடும் அண்ணனும் நானும் நின்றோம்.

லீடுதான் தொடங்கினார். “சார், எடு கமாண்ட் அடிச்சா சிஸ்டத்துல இருக்கறது போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். வார்னிங் வரும். இவர் படிக்காம என்டர் தட்டியிருக்கார். டூல்ல எந்தத் தப்பும் இல்ல.”

“நான் சர்வருக்கு அனுப்பிட்டுத்தானே சார் வந்தேன்” என்றார் அண்ணன். “டெய்லி அனுப்பிகினுதான் இருந்தேன். அது எங்க பூட்ச்சி?”

லீடு அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார். “டூல் எழுதினது இவங்கதான். கேளுங்க. வார்னிங் வந்துச்சா, இல்லையா?”

முதலாளியும் என்னைப் பார்த்தார். “வந்துச்சாம்மா?”

“வந்துச்சு சார்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. அதே எச்சரிக்கை அன்று காலை லீடுக்கும் வந்தது என்ற அடுத்த வாக்கியம் வாய் வரை இருந்தது. லீடு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

முதலாளி பெருமூச்சு விட்டார். “சரி, திரும்ப எழுதிக் குடுத்துருங்க. ஒரு வாரம் போதும்லா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“மறுபடியும் லாரிங்கள வரச் சொல்றீங்களா சார்?” என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். “நல்லா சுத்தமா பேசுற தங்கச்சி.” அதற்கப்புறம் எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டே அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. மறுபடி எண்ணூருக்குப் போய் நின்று, பாதி வேலையை ஞாபகத்திலிருந்தும் பாதியைப் புதிதாகவும் எழுதி முடித்தார். முடித்துக் கொடுத்த மறுநாள் வேலையை விட்டுவிட்டார். விடைபெற்றுக்கொள்ள என் மேசைக்கு வரவில்லை. லீடின் மேசைக்கும் போகவில்லை.

அண்ணன் வேலையில் இருக்கும்போதே கருவியை மாற்ற வேண்டும் என்று லீடிடம் கேட்டேன். “ஒருத்தன் படிக்கலன்னா எல்லாருக்கும் தடை போடணுமா? கண்ணு தெரிஞ்சவனுக்குப் போர்டு வெச்சா போதும்” என்றார். அவரோடு அதற்குமேல் பேச எனக்கு விருப்பம் இல்லை. அவர் குரலைக் கேட்டாலே உடம்பு எரிந்தது. அந்த எரிச்சலில் பாதி என்மேல் வர வேண்டியது. அவர்மேல் திருப்பிவிடுவது சுலபமாக இருந்தது.

யாரிடமும் கேட்காமல் மாற்றத் தொடங்கினேன். முதலில், மற்றவர்கள் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்த்தேன். மஞ்சள் எழுத்து வந்து கண்ணில் படுவதற்குள் விரல் என்டரைத் தொட்டுவிடும். ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை. எதுவும் அழியாத இடங்களிலிருந்து எச்சரிக்கையை மொத்தமாக எடுத்தேன். மிஞ்சியது ஒரே ஒரு இடம். ‘அனுப்பு’ பழையபடி, அந்த மூல மென்பொருள் செய்வதுபோல, அடுத்தவர் வேலை அழியும் என்றால் மறுத்துவிடும். கட்டாயமாக மேலே எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டளை. அதைக் கொடுத்தாலும் உடனே நடக்காது. எத்தனை மாற்றங்கள் அழியப்போகின்றன, யாருடையவை, கடைசியாக எப்போது செய்தவை என்று திரையில் தமிழில் வரும். வெறும் என்டர் தட்டினால் வேண்டாம் என்று பொருள். வேண்டும் என்றால், யாருடைய வேலையை அழிக்கிறீர்களோ அவருடைய பெயரை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

‘எடு’ இனி எதையும் அழிக்காது. பழைய கோப்புறையைத் தேதி போட்டு ஓரமாக நகர்த்தி வைக்கும். கேள்வியே கிடையாது. எதுவும் போகாது என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? சர்வரில் பழைய நிலைகளைக் குறித்து வைக்கும் வசதியையும் இயக்கினேன். அது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

புதிய கருவி எல்லோர் கணினிக்கும் போன அன்றே லீடு என் மேசைக்கு வந்தார்.

“பேரை டைப் பண்ணணுமா? இது என்ன ஸ்கூலா? அவமானப்படுத்தறியா?”

“யாரை சார்?”

“எல்லாரையும். பழையபடி மாத்து.”

“முதலாளி எழுதிக் குடுத்தா மாத்தறேன் சார்” என்றேன். முதலாளியிடம் நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. லீடும் போய்க் கேட்கமாட்டார், ஏன் மாற்றினாள் என்ற கேள்வி அங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார். வேலைகளை வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பினார். கூட்டங்களில் நான் வாய் திறந்தால் போனைப் பார்ப்பார். என் நிரலில் குறை கண்டுபிடித்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புவார். நானும் சளைக்கவில்லை. அவர் குறைகளைத் தேடி நானும் அனுப்பினேன். பெரம்பூரில் கட்டிக்கொடுத்த என் அக்கா போனில், “இன்னாடி, எப்பப் பாத்தாலும் காண்டாவே கீற” என்பாள். காரணத்தை அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கூட்டத்தையும் சொல்ல வேண்டிவரும்.

பிறகு ஒரு நாள் காலை, திருவொற்றியூர் யார்டுக்காரர்களுக்கு ஏதோ காட்ட லீடு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வந்து கணினியைத் திறந்தபோது என் மாற்றங்களில் ஒன்பது சர்வரில் இல்லை. புதிய கருவியில் அவரவர் தட்டுவதும் பதிவாகும்; அந்தப் பதிவைத் திறந்தேன். அவர் ‘அனுப்பு’ கொடுத்திருக்கிறார். கருவி மறுத்திருக்கிறது. தனிக் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். ஒன்பது மாற்றங்கள் அழியும், இன்னாருடையவை, கடைசி மாற்றம் நேற்று மாலை என்று திரை சொல்லியிருக்கிறது. என் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார். முதல் முறை ஒரு எழுத்தைத் தவறாக அடித்ததால் கருவி ஏற்கவில்லை. இரண்டாம் முறை சரியாக அடித்திருக்கிறார்.

அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பித்தான் அந்த வாசகத்தை அத்தனை யோசித்து எழுதியிருந்தேன். இவர் படித்தார். படித்துவிட்டு, என் பெயரில் பிழை திருத்தி அழித்தார். இந்த ஆளுக்கு எதிராக எச்சரிக்கையால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வர் குறித்து வைத்திருந்த பழைய நிலையிலிருந்து என் ஒன்பது மாற்றங்களையும் திரும்ப எடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பதிவை அச்செடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். பழைய பதிவையும் எடுத்துக்கொண்டேன். அண்ணனின் பதினோரு நாள் எப்படிப் போனது என்று முழுதாகச் சொன்னேன். அவர் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“ரெண்டு தடவையும் இவரேதானா?”

“ஆமா சார்.”

“முத தாளு அன்னைக்கே உங்கிட்ட இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ஏம்மா அப்பவே சொல்லல? நான் உன்னத்தான கேட்டேன்?”

பயந்துட்டேன் சார் என்று சொல்லியிருக்கலாம். அதுகூட முழு உண்மை இல்லை. லீடின் பக்கத்தில் நின்றால் நானும் படித்தவர்கள் வரிசையில் நிற்பேன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் தாள்களை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, “போம்மா” என்றார்.

லீடை வேலையை விட்டு எடுக்கவில்லை. மேலே எழுதும் கட்டளையை மட்டும் அவரிடமிருந்து எடுத்தார்கள். கொஞ்ச மாதங்களில் அவரே இதைவிடப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். போகும் நாளில் கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன், தின்னவில்லை.

அண்ணன் எண்ணூரில் வேறொரு யார்டில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் போய்க் கேட்டில் நின்றேன். டிரெய்லர்கள் வரிசையாக நின்று புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தும் நடையை நிறுத்தவில்லை. கூடவே நடந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது லீடு என்பது, எனக்கு அப்போதே தெரியும் என்பது, இப்போது கருவியில் என்னென்ன மாற்றியிருக்கிறேன் என்பது.

அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

“அந்தாளுதான்னு எனுக்கு அன்னிக்கே தெரியும்மா. வேற யாரு பண்ணுவா? உனுக்குத் தெரியுமா தெரியாதான்றதுதான் இத்தினி நாளா தெர்ல. இப்ப தெரிஞ்சிச்சு.”

“தப்புதாண்ணா.”

“நீ போட்டுகிற பூட்டு நல்ல பூட்டுதான். அடுத்து வர்றவனுக்கு உதவும். அத்த இன்னாத்துக்கு எங்கிட்ட வந்து காட்டிகினுகீற? எனுக்கு அது வாணாம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீட்டுப் பேச்சிலேயே வந்தது. “அப்டி இல்லண்ணா, நான் மெய்யாலுமே…”

“வுடு” என்றார். “இப்ப மட்டும் எங்க ஊரு பாஷ வருதா?”

பஸ் வந்தது. கூட்டம் அதிகம். அவர் பின்படியில் ஏறி உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள்; கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தக் கட்டளை ஏன் பெயரைக் கேட்கிறது என்று ஒருத்தி கேட்டாள். கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்கி அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தபின் என்னை அவள் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது.